காஞ்சுபோன ரெக்சினுக்கு எண்ணெய் பூசாதேங்கோ: பழைய காரின்ர உள்பக்கத்தைச் சரிக்கட்டுற முறை

எங்கட வீட்டு மொறிஸ் மைனரில டிறைவர் பக்கக் கதவையும் மற்றப் பக்கக் கதவையும் போன முறை தொட்டுப் பாத்திருந்தா ரெண்டும் ஒரே காரின்ர கதவு எண்டு சொல்லியிருக்கமாட்டீங்கள். டிறைவர் பக்கத்து ரெக்சின் இப்பவும் விரலால அமத்தினா உள்ளுக்குப் போய்த் திரும்பி வரும், மற்றப் பக்கம் பொரிச்ச அப்பளம் மாதிரி இருந்தது, நகம் பட்டாலே கீறு விழுந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க வீட்டை விட்டு எழும்பித் தென்மராச்சிப் பக்கம் நடந்தபோது கார் கோண்டாவில் வீட்டு முத்தத்தில நிண்டுபோச்சுது, நாங்கள் திரும்பி வர ஆறு மாதத்துக்கு மேல ஆச்சு, அதுக்குள்ள கொட்டில் கிடுகெல்லாம் பறந்து, பின்னேர வெய்யில் முழுக்க அந்த ஒரு கதவுக்குத்தான் விழுந்தது. ஒரே வயசு, ஒரே சாமான், ஒரே பாவனை. வித்தியாசம் வெய்யில் மட்டும்தான்.

இதை ஏன் முதல்ல சொல்லுறன் எண்டா, இப்ப கன பெடியள் அப்பப்பாவின்ர ஒஸ்ரின் கேம்பிறிஜையோ ஏ40ஐயோ கொட்டிலுக்குள்ள இருந்து வெளியில எடுத்து ஓடப் பண்ணுறீங்கள், எஞ்சின், பெயின்ற் எல்லாம் வடிவாச் செய்யிறீங்கள், உள்பக்கம் வந்ததும் ஆரோ சொன்னது எண்டு தேங்காய் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் கலந்து பூசிவிடுறீங்கள். ஒரு கிழமை பளபளக்கும். பிறகு முந்தினதைவிட மோசம். காஞ்ச ரெக்சின் எண்ணெய் குடிக்கிற சாமான் இல்லை, இதை மட்டும் மனசில வச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

நாங்கள் ரெக்சின் எண்டு சொல்லுற வினைல், தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற பிவிசி பைப் இருக்கெல்லோ, அதே பிவிசிதான். தனிய விட்டா அது பைப் மாதிரிக் கட்டியா இருக்கும். அதுக்குள்ள எண்ணெய்த் தன்மையான ஒரு மெதுவாக்கியைச் சூடாக்கிக் கலந்தாத்தான் துணி மாதிரி வளையும், அமெரிக்காவில குட்றிச் கொம்பனியில வேலை செய்த வால்டோ செமன் 1926இல கண்டுபிடிச்ச விசயம் இது. அந்த மெதுவாக்கி பிவிசியோட கட்டுண்டு இருக்கிறதில்லை, இடையில செருகிக்கொண்டு இருக்கிறது, அதால சூடு பட்டுப் பட்டு வருசக்கணக்கில கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போகும். போறதை உங்கட கண்ணாலயே பாக்கலாம். கண்ணாடி எல்லாம் ஏத்திப் பூட்டி வெய்யிலில கனநாள் நிண்ட காரின்ர முன் கண்ணாடியை உள்பக்கத்தால விரலால தடவிப் பாருங்கோ, மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் வரும், தண்ணியால துடைச்சா இழுபடுமே தவிரப் போகாது. அதில கனக்க உங்கட டாஷ்போட்டிலயும் சீற்றிலயும் இருந்து போன மெதுவாக்கிதான். போனதைத் திருப்பி உள்ளுக்கு ஏத்த ஏலாது. ஃபக்ரறியில உருக்கிக் கலந்ததை நாங்கள் துணியால தடவிக் கலக்க முடியாதுதானே. அப்ப எங்கட வேலை என்னெண்டா, ஊத்தையை எடுக்கிறது, மிச்சம் இருக்கிறதைப் போகவிடாமப் பாதுகாக்கிறது, வெடிச்சதை ஒட்டுறது, நிறம் போனதுக்கு நிறம் குடுக்கிறது. இதை ஒழுங்காச் செய்தாலே பாக்கிற ஆக்கள் புதுசு எண்டு நினைப்பினம்.

தொடங்கமுதல் அது வினைல்தானா எண்டு பாருங்கோ. 1950களின்ர தொடக்கத்தில வந்த இங்கிலாந்துக் கார்களில ஆள் இருக்கிற இடத்துக்குத் தோலும், பக்கத்துக்கும் பின்னுக்கும் தோல் மாதிரித் துணியும் போட்டிருப்பினம். சீற்றுக்குக் கீழ கையை விட்டு ஓரத்தைப் பிரட்டிப் பாத்தா, பின்பக்கம் தும்பு தும்பா இருந்தா தோல், நெய்த துணியோ பின்னல் துணியோ தெரிஞ்சா ரெக்சின். அந்தக் காலத்து அசல் ரெக்சின் வினைலே இல்லை, பருத்தித் துணியில நைற்றோசெலுலோஸ் பூசினது, அது கெதியா நெருப்புப் பிடிக்கும், தின்னர் பட்டாக் கரையும். உங்கடது அவ்வளவு பழசு எண்டு சந்தேகம் இருந்தா மெல்லிய சோப்புத் தண்ணியோட நிப்பாட்டுங்கோ, சூடு காட்டுறது, ஸ்பிறிட் போடுறது ரெண்டும் வேண்டாம். கீழ நான் சொல்லுறதெல்லாம் வினைலுக்கு.

அடுத்தது, எவ்வளவு காஞ்சிருக்கு எண்டு பாக்கிறது. காலமை, சாமான் குளிரா இருக்கேக்க பெருவிரல் நகத்தால மறைவான ஒரு இடத்தில மெதுவா அமத்துங்கோ. அடையாளம் விழுந்து திரும்ப மறைஞ்சா உயிர் இருக்கு, கழுவிப் பாதுகாத்தாக் காணும். அடையாளம் அப்பிடியே நிண்டா நடுத்தரம், கழட்டேக்க கவனம் வேணும். அமத்தேக்க சத்தம் கேட்டா, இல்லாட்டி ஓரம் பிஸ்கற் மாதிரி உடைஞ்சா, அந்தத் துண்டை மாத்துறதுதான் வழி. கையில வெள்ளைத் தூள் ஒட்டுதெண்டா பயப்பிடத் தேவையில்லை, அது மேல்தோல் வெய்யிலில எரிஞ்சது, கன இடத்தில கழுவிப் போட்டு நிறம் குடுக்கச் சரிவரும். பிசுபிசு எண்டு இருந்தா மெதுவாக்கி மேல வந்து நிக்குது, இல்லாட்டி ஆரோ முந்திப் பூசின எண்ணெய்.

கழட்டக்கூடியதைக் கழட்டிச் செய்யிறதுதான் நல்லம், முக்கியமா டோர் போட், அதாவது கதவின்ர உள்பக்கத்தை மூடுற, ரெக்சின் ஒட்டின பலகை. மொறிஸ் மைனரில கண்ணாடி சுத்துற கைபிடியையும் கதவு திறக்கிற கைபிடியையும் ஒரு சின்ன ஆணிதான் குறுக்கால பிடிச்சிருக்கும். கைபிடிக்குப் பின்னால உள்ள வட்டத் தட்டைக் கதவோட சேத்து அமத்தினா ஆணி தெரியும், ஆணி தட்டுற மெல்லிய இரும்புப் பஞ்ச் ஒண்டால தட்டி வெளியில எடுங்கோ, கீழ ஒரு வெள்ளைச் சீலையை விரிச்சு வச்சுக்கொண்டு, ஏனெண்டா அந்த ஆணி விழுந்தாத் தேடி எடுக்கிறது பெரும் பாடு. பிறகு போட் ஓரத்தில தட்டையான மரத்துண்டை விட்டு, ஒவ்வொரு கிளிப்புக்கும் கிட்ட கிட்ட வச்சு நெம்புங்கோ. நடுவில பிடிச்சு இழுத்தா உள்ள இருக்கிற ஹார்ட்போட் பிஞ்சு வரும். காஞ்ச ரெக்சினைக் காலமைக் குளிரில கழட்டாதேங்கோ, பத்து மணிக்குப் பிறகு கொஞ்சம் சூடேறி வளையிற நேரம் தொடுங்கோ.

கழட்டினவுடன பின்பக்கத்தைப் பாருங்கோ. ஹார்ட்போட் அலை அலையா ஊதியிருந்தாப் பிழை ரெக்சினில இல்லை, கதவுக்குள்ள மழைத்தண்ணி நிக்குது. கதவின்ர அடி விளிம்பில தண்ணி போற ஓட்டைகள் இருக்கும், புழுதியும் பழைய பெயின்றும் அடைச்சிருக்கும், ஒரு கம்பியால குத்தி எடுத்துவிடுங்கோ. இதைச் செய்யாம ரெக்சினை எவ்வளவு வடிவாக்கினாலும் அடுத்த மாரிக்குத் திரும்ப ஊதும்.

இப்ப கழுவுற வேலை. பாதி வெற்றி இதிலதான், அவசரப்படாதேங்கோ. முதல்ல மெல்லிய பெயின்ற் பிறஷால தையல் இடுக்கு, பைப்பிங் எண்டு ஓரத்தில உருண்டையா வச்சுத் தைச்ச இடம் எல்லாம் உலர் புழுதியைத் தட்டி எடுக்கோணும், எங்கட செம்மண் புழுதி மேல தண்ணியை ஊத்தினா அது சேறாகித் தையலுக்குள்ள போய் இருந்துவிடும். பிறகு ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவுற லிக்விட் இல்லாட்டி பேபி ஷம்பூ, அவ்வளவுதான். மெல்லிய பல்லுத் துலக்குற பிறஷை அதில தோய்ச்சு, ஒரு அடிக்கு ஒரு அடி இடம் மட்டும் வட்டமாத் தேய்ச்சு, ஊத்தை காயமுதல் ஈரத்துணியால துடைச்சு எடுங்கோ. ரெக்சினில தோல் மாதிரிப் பதிஞ்சிருக்கிற சின்னக் கோடுகளுக்குள்ள இருந்து மண்ணிறத் தண்ணி வரும், துணி வெள்ளையா வரும்வரைக்கும் அதே இடத்தில திரும்பத் திரும்பச் செய்யோணும். எனக்கு ஒரு கதவுக்கு ஆறு தடவை தேவைப்பட்டது, ஆறாந்தரம்தான் அதின்ர அசல் சிவப்பை நான் கண்டனான். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினன், வாங்கேக்க இந்த நிறம்தான் எண்டு சொல்லி விரலை வச்சுத் தடவிக்கொண்டே நிண்டார்.

கடைசித் துடைப்புக்குக் கிணத்துத் தண்ணி வேண்டாம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், தண்ணி கேத்தலில வெள்ளையாப் படியிற மாதிரியே கறுப்பு டாஷ்போட்டிலயும் வெள்ளைப் படலம் விடும், கன பேர் அதைப் பாத்துத்தான் ரெக்சின் வெளிறிப் போச்சு எண்டு நினைக்கிறவை. பிடிச்சு வச்ச மழைத்தண்ணி, இல்லாட்டி குடிக்கிறதுக்கு எடுக்கிற ஃபில்ரர் தண்ணி ஒரு போத்தல் காணும்.

பாத்திரம் தேய்க்கிற பவுடர், பிளீச், பெற்றோல், தின்னர், மண்ணெண்ணெய் ஒண்டும் ரெக்சினுக்குக் கிட்ட வரப்படாது. மண்ணெண்ணெய் போட்டா உடன ஊத்தை போகும், உண்மைதான், அதோட சேத்து மிச்சம் இருக்கிற மெதுவாக்கியையும் கழுவிக்கொண்டு போகும். சண்டைக் காலத்தில பெற்றோல் இல்லாம, ரெண்டு சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின கார்கள் இவை, வீட்டில எதுக்கும் அதுதான் கையில இருந்தது, அதால துடைச்சவையைப் பிழை சொல்லேலாது. இப்ப அந்த நிலைமை இல்லைத்தானே.

பழைய தேங்காய் எண்ணெய் ஏறியிருந்தா சோப்புத் தண்ணி காணாது. எங்கட காரைக் கலியாண வீட்டுக்குக் குடுக்கிற ஒவ்வொரு முறையும் அம்மம்மா எண்ணெய்ச் சீலையால சீற்றெல்லாம் துடைச்சுவிடுவா, ஆசையாத்தான் செய்தவ, அது வருசக்கணக்கில புழுதியோட சேந்து தார் மாதிரி ஒரு படையா வந்திட்டுது, மாரியில அதில பூஞ்சணம், கோடையில எறும்பு. இதுக்கு ஃபாமசியில வாங்குற ஸ்பிறிட்டையும் தண்ணியையும் சமனாக் கலந்து, முதல்ல மறைவான இடத்தில போட்டுப் பாருங்கோ, துணியில நிறம் ஏறினா உடன நிப்பாட்டுங்கோ. ஏறாட்டி துணியில நனைச்சு, ரெக்சினில ஊத்தாம, ஒரு இடத்தில பத்து செக்கனுக்கு மேல நிக்காமத் துடைச்சுக்கொண்டு போங்கோ, பின்னால ஈரத்துணியும் வரோணும். காத்தோட்டமான இடத்தில, அடுப்பு, சுருட்டு ஒண்டும் கிட்ட இல்லாம. பூஞ்சணத்துக்கு வினாகிரியும் தண்ணியும் சமனாக் கலந்து துடைச்சு, பத்து நிமிசம் விட்டு, நல்ல தண்ணியால எடுக்கலாம். எல்லாம் முடிய ஒரு நாள் முழுக்க நிழலில, ஃபானுக்குக் கீழ காயவிடுங்கோ. கெதியாக் காயட்டும் எண்டு முத்தத்து வெய்யிலில வைக்கிறது, பிழைச்சு வந்த சாமானைத் திரும்ப அடுப்பில வைக்கிற மாதிரி.

சுருண்டு போன ஓரம், மடிஞ்ச டாஷ்போட் விளிம்பு இதுகளை நேராக்கக் கொஞ்சம் சூடு வேணும். ஹெயார் டிறையர் காணும், பெயின்ற் கழட்டுற ஹீற் கண் வேண்டாம், அது ரெக்சினை ஒரு நொடியில பொசுக்கும். ஒரு சாண் தூரத்தில பிடிச்சு, ஒரே இடத்தில நிப்பாட்டாம ஆட்டிக்கொண்டே, கையை வச்சாப் பொறுக்கக்கூடிய சூடு வரும்வரை காட்டி, மெதுவா நேர்ப்படுத்தி, மேல ஒரு பலகையும் பாரமும் வச்சு ஆறவிடுங்கோ. ஆறமுதல் எடுத்தாத் திரும்பச் சுருளும். ஒரே நாளில முழுக்க நேராகாது, ரெண்டு மூண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு வாங்கோ.

வெடிப்புக்கு வருவம். சீற்றிலயோ டோர் போட்டிலயோ கிழிஞ்ச இடத்துக்குப் பின்னால ஒட்டுப் போடோணும், மேலால இல்லை. கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் கூட வெட்டின கனத்த பருத்தித் துணியை மூலைகளை வட்டமாக்கி, கிழிசலுக்கால உள்ள விட்டு, கரண்டிப் பிடியால தட்டையா விரிச்சு, செருப்புத் தைக்கிறவை பாவிக்கிற மஞ்சள் கம்மை ரெண்டு பக்கமும் மெல்லிசாப் பூசி, பத்துப் பதினைஞ்சு நிமிசம் விட்டு, விரலில ஒட்டாத பதம் வந்த பிறகு ஓரத்தோட ஓரம் சேத்து அமத்துங்கோ. ஈரத்தோட ஒட்டினாப் பிடிக்காது, இதிலதான் புது ஆக்கள் கனபேர் பிழைவிடுறது. சுப்பர் குளூ போடவே வேண்டாம், அது கல்லு மாதிரி இறுகி, ஆள் இருந்து எழும்பேக்க பக்கத்தில புது வெடிப்பு எடுக்கும், பிவிசி பைப்புக்குப் போடுற கம்மும் அதே கதைதான். டாஷ்போட் மாதிரிக் கட்டியான சாமானில நீட்டு வெடிப்பு வந்தா, வெடிப்பு முடியிற நுனியில ரெண்டு மில்லிமீற்றர் ஓட்டை ஒண்டு போடுங்கோ, அதுக்கங்கால வெடிப்பு ஓடாது. பிறகு வளையக்கூடிய வினைல் ஃபில்லரை ஒரேயடியா நிரப்பாம மெல்லிசு மெல்லிசா நாலைஞ்சு தரம் வச்சு, ஒவ்வொரு தரமும் காயவிட்டு, கடைசியில 400 நம்பர் அரத்தாளால தேய்ச்சு, 600ஆல முடியுங்கோ. சமதரை வரும், ஆனா அந்தத் தோல் மாதிரிக் கோடு வராது, அதுக்கு ஃபில்லர் கடைசிப் படை ஈரமா இருக்கேக்க, நல்லா இருக்கிற இடத்தில சிலிக்கனால அச்சு எடுத்து வச்சு அமத்திற முறை ஒண்டிருக்கு, பழகத் துண்டு ரெக்சினில ரெண்டு மூண்டு தரம் செய்து பாத்திட்டுக் காரில கை வையுங்கோ. அச்சை எடுத்த பிறகு ரெண்டு இடத்தையும் ஸ்பிறிட் தண்ணியால துடைச்சுவிடோணும், ஏனெண்டு அடுத்ததாச் சொல்லுறன்.

நிறம் குடுக்கிறது எல்லாருக்கும் தேவையில்லை, கழுவினதோட நிறம் வந்தா விட்டுவிடுங்கோ. வேணுமெண்டா வினைலுக்கெண்டு விக்கிற ஸ்பிறே மட்டும், சும்மா ஸ்பிறே பெயின்ற் அடிச்சா ஒரு மாதத்தில செதில் செதிலா உரியும். நான் பட்ட பாட்டைச் சொல்லுறன். முதல் தரம் அடிச்சபோது பெயின்ற் பிடிக்காம எல்லா இடமும் சின்னச் சின்ன வட்டமா விலகி, மீன் கண் மாதிரி நிண்டது. டவுனில ஒரு கடையில புதுசாக்கும் எண்டு சொல்லித் தந்த மினுக்கு ஸ்பிறேயை அதுக்கு முந்தி அடிச்சிருந்தனான், அது முழுக்க சிலிக்கன், சிலிக்கன் இருக்கிற இடத்தில பெயின்ற் நிக்காது, சோப்புக்கும் லேசில போகாது. மூண்டு நாள் ஸ்பிறிட் தண்ணியால திரும்பத் திரும்பத் துடைச்சுத்தான் சரிவந்தது. அதால நிறம் குடுக்கிற எண்ணம் இருந்தா அதுக்கு முன்னம் ஒரு மினுக்குச் சாமானும் பூசாதேங்கோ. அடிக்கேக்க ஒரு சாணுக்கு மேல தூரம், மெல்லிசா, முதல் படையில பழைய நிறம் தெரியத்தான் வேணும், பத்துப் பதினைஞ்சு நிமிசம் விட்டு அடுத்தது, மூண்டு நாலு படை காணும். கனமா அடிச்சா அந்தக் கோடெல்லாம் மூடுப்பட்டு பிளாஸ்ரிக் வாளி மாதிரி இருக்கும். மாசி, பங்குனி மாதத்துக் காலமைதான் இதுக்கு வாய்ப்பு. மாரியில ஈரக்காத்தால பெயின்ற் வெள்ளை பூக்கும், சோளகம் வீசத் தொடங்கினாப் புழுதி வந்து ஒட்டும். அடிச்சாப் பிறகு ரெண்டு மூண்டு நாள் தொடாதேங்கோ.

கடைசியாப் பாதுகாப்புப் பூச்சு. போத்தலைத் திருப்பி வாசியுங்கோ, தண்ணியை அடிப்படையாக் கொண்டதா, வெய்யிலின்ர யூவி கதிரைத் தடுக்குமா, பெற்றோலியச் சாமான் இல்லையா, இந்த மூண்டும்தான் கேள்வி, வாசமும் மினுக்கமும் தேவையில்லை. துணியில கொஞ்சம் எடுத்து மெல்லிசாத் தடவி, பத்து நிமிசத்தால உலர்துணியால மிச்சத்தைத் துடைச்சு எடுத்தா, தொட்டா ஒண்டும் ஒட்டாது, புதுசில இருந்த மங்கல் நிறம் இருக்கும். மாதம் ஒருக்கா செய்யுங்கோ. ஸ்ரியறிங், பெடல், டிறைவர் இருக்கிற இடம் இதில மட்டும் பூசவேண்டாம், வழுக்கி ஏதும் நடந்திடும்.

மாத்தத்தான் வேணும் எண்ட துண்டுகளைக் குஷன் வேலை செய்யிற அண்ணையிட்டக் குடுக்கேக்க பழசைக் கிழிச்சு எறியவிடாதேங்கோ. தையலை ஒண்டொண்டாப் பிரிச்சு எடுத்தா அதுதான் அளவுப் படிவம், வேற எங்கயும் கிடைக்காது. புது ரெக்சின் வாங்கேக்க பின்பக்கம் துணி ஒட்டினதா, கோடு பழசோட ஒத்துப்போகுதா எண்டு பழைய துண்டைக் கையில கொண்டு போய்ப் பக்கத்தில வச்சுப் பாருங்கோ, ஃபோனில எடுத்த படத்தைக் காட்டி வாங்கினா நிறம் மாறும்.

திரும்பப் பூட்டேக்க கதவுக்கும் டோர் போட்டுக்கும் இடையில கனமான பொலித்தீன் ஒண்டை ஒட்டுங்கோ, அடி ஓரம் கதவுக்குள்ள போற மாதிரி, அப்பத்தான் கண்ணாடியால இறங்கிற தண்ணி உள்ளாலேயே போகும். அதுக்குப் பிறகு நிழல்தான் மருந்து. கிடுகுக் கொட்டில் தகரத்தைவிடக் குளிர், பழைய வேட்டி ஒண்டை நாலா மடிச்சு டாஷ்போட்டில விரிச்சுவிடுங்கோ, நிக்கிற நேரம் கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவிட்டா உள்சூடு வெளியில போகும். எங்கட கொட்டில் மேற்குப் பாத்தது, எவ்வளவு கிடுகு போட்டாலும் நாலு மணிக்குப் பிறகு ஒரு பக்கத்துக்கு வெய்யில் வரும், அதால தைப்பொங்கலுக்கு ஒருக்கா, சித்திரை வருசத்துக்கு ஒருக்கா, நல்லூர்க் கொடியேத்தத்துக்கு ஒருக்கா எண்டு காரைத் திருப்பி விடுறம், ஒருமுறை முன்பக்கத்தால, அடுத்தமுறை பின்பக்கத்தால. அந்தக் காஞ்ச கதவுக்கு இப்ப புது ரெக்சின் போட்டாச்சு. பழையது அப்பாவின்ர மேசை லாச்சிக்குள்ள சுருட்டி இருக்கு.